‘பதிவேட்டில் எழுதிவிடுவார்களோ?’ – வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

காவல், தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ் ஆகிய பணிகளில் இருப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கள் மனநலம் பற்றி எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் அனுப்பியவர் பெயர் இல்லை. தம் ஊர் அஞ்சல் முத்திரை உறையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்த் தபாலில் சேர்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். மூட்டுவலிக்கு யோசனை கேட்பவர் யாரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. ஆகவே, நோயைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்த அச்சத்தைப் பற்றியும் இம்முறை எழுத வேண்டியிருக்கிறது. எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் தலைமைக் காவலர். பணியில் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மாதங்களுக்கு முன் பள்ளி வேன் ஒன்று கவிழ்ந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகளை வெளியே தூக்கியதும் அவர்தான். பிறகு ஆய்வாளர் சொல்லச் சொல்ல, சிதறிக் கிடந்த புத்தகப் பைகளையும் டிபன் பாக்ஸ்களையும் எண்ணி மகஜரில் எழுதியதும் அவர்தான். அன்று முதல் இரவில் இரண்டு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை. குக்கர் விசில் அடித்தால் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறார். எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கண்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போய்விடுகிறார். எங்கள் மகளைப் பள்ளி வேனில் ஏற விடுவதில்லை. எப்போதாவது குடித்தவர் இப்போது தினமும் குடிக்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், ‘பைத்தியம் என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள், வேலை போய்விடும்’ என்கிறார். இது நோயா? வேலை போய்விடுமா?
– ஒரு காவலரின் மனைவி, டெல்டா மாவட்டம்

பதில்: சகோதரி, நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்யக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் பி.டி.எஸ்.டி. எனப்படும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயைத்தான் காட்டுகிறது. இது சிகிச்சைக்குக் கட்டுப்படுகிற நோய். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பெரும் துயரத்தைப் பார்த்தவர் எவருக்கும் முதல் சில வாரங்கள் தூக்கம் கெடும், காட்சி கண்முன் வந்து நிற்கும். பெரும்பாலோருக்கு அது தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் தணியாமல், அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதுதான் நாங்கள் அதை நோய் என்கிறோம். உங்கள் கணவருக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. சாதாரண நினைவு ‘அது அன்று நடந்தது’ என்ற தேதியோடு மனத்தில் உட்கார்ந்துகொள்ளும். இந்த நினைவு அப்படித் தேதி குறிக்கப்படாமல் கிடப்பதால், அவருடைய உடம்பு அந்த விபத்து இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே நம்புகிறது. குக்கர் விசிலுக்கு அவர் எழுந்து நிற்பது அதனால்தான். டிபன் பாக்ஸைத் தவிர்ப்பதும், மகளை வேனில் ஏற விடாததும், அந்த நினைவு கிளம்பிவிடாமல் தடுக்க அவர் தாமே எழுப்பிக்கொண்ட வேலிகள். நாளாக ஆக இந்த வேலிகள் கூடிக்கொண்டே போகும். வாழ்கிற இடம் குறைந்துகொண்டே வரும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் தன் நோய் வகைப்பாட்டு நூலில் இந்த நோயைச் சேர்த்தது. அதே நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கான காரணங்களைச் சொல்லும்போது, மனித உடற்பகுதிகளைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைகள் மீதான வன்கொடுமை விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் காவலர்களையும் எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது. இந்த வேலையே ஒருவரைக் காயப்படுத்தக்கூடும் என்பது மருத்துவ நூலில் அச்சாகியிருக்கும் செய்தி என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவருக்கு மனத்திடம் போதவில்லை என்று யாராவது சொன்னால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த வேன்தான் அவர் பார்த்த முதல் மரணமாக இருக்காது. ஒரு தலைமைக் காவலரின் 19 ஆண்டுப் பணியில் எத்தனை ‘174 கேஸ்’கள், அதாவது இயற்கைக்கு மாறான மரண விசாரணைகள், வந்திருக்கும்! (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 194 ஆகிவிட்டது, காவல் நிலையங்களில் இன்னும் பழைய எண்ணையே சொல்கிறார்கள்.) கிணற்றிலிருந்து எடுத்த உடல், தண்டவாளத்தில் கிடந்த உடல், தூக்கிலிருந்து இறக்கிய உடல் என ஒவ்வொன்றுக்கும் காவல் நின்று, அரசு மருத்துவமனைப் பிணவறைவரை கூடப் போய், பிரேதப் பரிசோதனை முடியும்வரை வாசலில் காத்திருந்து, உறவினர் கதறலுக்கு நடுவே கையெழுத்து வாங்கி ஒப்படைப்பவர் ஒரு காவலர்தான். என்னிடம் வரும் காவலர்களிடம் இதுவரை எத்தனை உடல்களோடு போயிருப்பீர்கள் என்று கேட்பது என் வழக்கம். உடனே எண்ணிக்கை சொன்னவர் ஒருவரும் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருப்பார்கள்.

குடியைப் பற்றி. குடித்தால் தூக்கம் வருகிறது என்பது முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான் உண்மை. பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைத்துக் கெட்ட கனவைக் கூட்டும். அதற்காக, தினமும் குடிப்பவரை நாளையே நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மருந்துக் கடையில் சொந்தமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதையும் தடுத்துவிடுங்கள். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடும். குடியோடு சேர்ந்தால் ஆபத்து.

சிகிச்சையில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் சேர்த்தும் தருவோம். ஒன்று, பயிற்சி பெற்ற உளவியலாளர் வாரம் ஒருமுறையாகச் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகளில், அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாக அணுக வைத்து, அதற்குரிய தேதியில் அதை உட்கார வைப்பது. மற்றொன்று செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்ற மருந்துகள். இவை போதை தருவன அல்ல. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ‘பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்று பாதியில் விடுபவர்களே அதிகம். அதனால்தான் இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இனி, உங்கள் கணவரைத் தூங்கவிடாத அந்த இன்னொரு அச்சத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, சிகிச்சை பெறுபவரின் விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ அவர் சிகிச்சை பெறுகிறார் என்பதை மருத்துவர் தாமாகக் காவல் நிலையத்துக்குச் சொல்ல முடியாது. மருத்துவ விடுப்பு கேட்கும்போதுதான் காகிதம் அலுவலகத்துக்குப் போகிறது. பெரும்பாலோருக்கு நீண்ட விடுப்பே தேவைப்படுவதில்லை. பணியில் இருந்துகொண்டே சிகிச்சை பெறலாம்.

நோய் முற்றி, பழைய வேலையைச் செய்ய முடியாத நிலை வந்தாலும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இருக்கிறது. பணிக்காலத்தில் குறைபாட்டுக்கு ஆளாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, ஊதியம் குறையாமல் வேறு பணி தர வேண்டும் என்பது அதன் சாரம். மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. சில பணிகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப்பணியாளர்களுக்கு 2021 ஆகஸ்டில் அப்படி விலக்களிக்கப்பட்டது. ஆயினும், எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி.) மனச்சோர்வும் இருந்த மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவர்மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கை பாகுபாடானது என்று கூறி அதை ரத்து செய்தது. தற்போதைய பணிக்கு அவர் ஏற்றவரல்ல என்று முடிவானால் ஊதியத்தைக் காத்து வேறு பணி தர வேண்டும், துப்பாக்கி கையாள வேண்டியிராத பணியாக அது இருக்கும்படி துறை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ‘வேலை போய்விடும்’ என்று நினைக்கும் ஒவ்வொரு சீருடைக்காரரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

சட்டம் இவ்வளவு சொன்னாலும், சக காவலர்களின் பேச்சை அது நிறுத்திவிடாது என்பது எனக்குத் தெரியும். சென்னையில் 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கி, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லிச் சிரிக்கப் பழகிய சமூகம் நாம். ஆகவே உங்கள் கணவரிடம் நோயின் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். ‘நீங்கள் தூங்கி எட்டு மாதம் ஆகிறது, தூக்கத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்’ என்று கேளுங்கள். குடித்திருக்கும் நேரத்தில் பேச வேண்டாம். இரவுப் பணி முடிந்து வந்த காலையிலும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். உள்ளூர் வேண்டாம் என்றால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள். புறநோயாளிச் சீட்டில் தொழில் ‘விவசாயம்’ என்று எழுதிக்கொண்டு வந்த காவலர்களை நான் பார்த்திருக்கிறேன். முடிவெட்டும் நிற்கிற விதமும் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒருநாளும் அந்தச் சீட்டைத் திருத்தச் சொன்னதில்லை.

கேள்வி: நான் 108 ஆம்புலன்ஸில் நான்கு ஆண்டுகளாக மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். எனக்குக் கெட்ட கனவு எதுவும் வருவதில்லை. எதுவுமே வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. போன மாதம் ஒரு பெரியவருக்கு மருத்துவமனை வாசல்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். இறந்துவிட்டார். அவருடைய மகள் என் கையைப் பிடித்து அழுதபோது, அடுத்த அழைப்பு வருவதற்குள் வண்டியைக் கழுவ வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. என் மனம் கல்லாகிவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்கு மாவட்டம்

பதில்: கல்லாகியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள், அம்மா. உணர்ச்சி மரத்துப்போவது இந்தப் பணியின் மிகப் பொதுவான, மிகக் குறைவாகப் பேசப்படுகிற விளைவு. தாங்க முடியாத அளவுக்கு வலி தொடர்ந்து வரும்போது மனம் வலியை மட்டும் தனியே பிரித்து அடைக்கத் தெரியாமல் மொத்தமாகவே அடைத்துக்கொள்கிறது. அதனால் துயரத்தோடு சேர்ந்து, வீட்டில் பிள்ளை சிரிக்கும்போது வர வேண்டிய மகிழ்ச்சியும் வராமல் போகிறது. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், தங்கையின் வளைகாப்பில்கூட ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் என்னைச் சிகிச்சை பற்றிச் சொல்ல வைக்கிறது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியை ஓட்டுபவரை நாம் ‘பைலட்’ என்று மரியாதையாக அழைக்கிறோம். ஆனால் ஓர் இறப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி, ஸ்ட்ரெச்சரைப் பினாயில் போட்டுத் துடைக்கிற நேரம்தான். அழுவதற்கான நேரம் பணி அட்டவணையிலேயே இல்லாதபோது, அழாததற்கு உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்வது நியாயமில்லை.

அந்தப் பெரியவரை இன்னும் ஐந்து நிமிடம் முன்னால் எட்டியிருந்தால் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில், எல்லா வசதியும் உள்ள அமெரிக்காவிலேயே பத்தில் ஒருவர் அளவில்தான் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். நீங்கள் நெஞ்சை அழுத்தியது அந்தப் பத்தில் ஒன்றைப் பெறுவதற்காக. அதைக் குறைவில்லாமல் செய்திருக்கிறீர்கள்.

பணி முடிந்ததும் உடன் வந்த பைலட்டோடு ஒரு டீ குடிக்கும் நேரமாவது அன்று நடந்ததைப் பேசுங்கள். என்ன தவறு நடந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம். ‘அந்த மகள் கையைப் பிடித்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை’ என்று, எனக்கு எழுதியதையே அவரிடம் சொல்லுங்கள். அவரும் அதையே சொல்லக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, பசியும் தூக்கமும் மாறியிருக்கின்றன என்றால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். ஒப்பந்த ஊழியர் என்பதால் விடுப்பு கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். வார ஓய்வு நாளில் போகும்படி முன்பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் தர வேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கடற்கரையில் பத்து நாள்களுக்கு மேல் உடல்களை எடுத்தோம். அப்போதும் அதற்குப் பிறகும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து இப்போது ஏன் கனவில் வருகிறது? மீன் வாடை பட்டாலே குமட்டுகிறது.
– ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்

பதில்: ஐயா, இது அரிதன்று. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த பேரழிவு அது. நீங்கள் அந்தக் கரையிலிருந்து நேரே அடுத்த அழைப்புக்குப் போனீர்கள். அப்படியே இருபது ஆண்டுகள் ஓடின. வேலை இருக்கும்வரை மனத்துக்கு அதை ஒத்திப்போட வழி இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்த வழி அடைபட்டது. வாசனை நேராக நினைவைத் தொடக்கூடியது என்பதால் மீன் வாடை அதைக் கிளப்புகிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் கூடுதலாக இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. உயிரோடு மீண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஆண்டுகள் கழித்தும் சிலருக்குப் புதிதாக அறிகுறிகள் தோன்றுவதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். அந்த மீட்புப் பணியாளர்களுக்கான சிகிச்சைத் திட்டத்துக்கு 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தில் மனநலமும் அடங்கும். நம் நாட்டிலும் அண்மையில் ஒருவர் இதை வெளிப்படையாகச் சொன்னார். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் ரயில் விபத்துக்குப் பிறகு, தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அப்போதைய தலைமை இயக்குநர் அதுல் கர்வால், தம் வீரர்களில் ஒருவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே ரத்தமாகத் தெரிகிறது என்றும், இன்னொருவருக்குப் பசியே இல்லை என்றும் ஒரு கூட்டத்தில் கூறினார். ஒரு படையின் தலைவர் தம் வீரர்களைப் பற்றி அப்படி வெட்கப்படாமல் பேசியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எழுபது வயதிலும் இதற்கான சிகிச்சை பலன் தரும். கூடப் பணியாற்றியவர்கள் யாராவது அருகில் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள்.

கேள்வி: நான் சார்பு ஆய்வாளர். என் நிலையத்தில் பணிபுரிபவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கோரமான சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து மனம் விட்டுப் பேசச் சொல்லலாமா?
– பெண் காவல் அதிகாரி, தென் மாவட்டம்

பதில்: கேட்டதற்கு முதலில் என் வணக்கம். ஆனால் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசக் கட்டாயப்படுத்த வேண்டாம். 1980களில் தொடங்கி அந்த முறை உலகெங்கும் பரவியது. பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், ஒரே அமர்வில் எல்லோரையும் பேச வைப்பது நோயைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்றும் தெரியவந்தது. அதற்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட ‘உளவியல் முதலுதவி’க் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. தேவை என்ன என்று பார்ப்பது, பேச விரும்பினால் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைப்பது.

நிலைய அளவில் இதற்கு என்ன பொருள்? நேற்று பிணவறைக்குப் போனவரை இன்று மறுபடி அனுப்பாதீர்கள். பெரிய விபத்திலிருந்து திரும்பியவருக்குக் குளிக்கவும் சாப்பிடவும் தூங்கவும் நேரம் கொடுத்துவிட்டு, அறிக்கையைப் பிறகு கேளுங்கள். பிரிட்டனின் மெரைன் படையில் தொடங்கி அங்குள்ள காவல், தீயணைப்புத் துறைகளுக்கும் பரவிய ‘டிரிம்’ என்ற முறையில், பயிற்சி பெற்ற சக வீரர் ஒருவரே சம்பவம் நடந்து மூன்று நாள் கழித்து ஒருமுறையும் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் பாதிக்கப்பட்டவரிடம் பேசி நிலைமையைக் கணிக்கிறார். மூன்றாம் நாள் விசாரிக்க நம்மில் பலர் இருக்கிறார்கள்; ஒரு மாதம் கழித்து விசாரிப்பவர்தான் இல்லை. உங்கள் நாட்குறிப்பில் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தியக் காவலர் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார் என்று காமன் காஸ், சி.எஸ்.டி.எஸ். அமைப்புகளின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர்வரை வாரம் ஒருநாள் ஓய்வு தருவதற்குத் தமிழ்நாட்டில் 2021இல் அரசாணை வந்தது. திருவிழா, தலைவர்கள் வருகை, போராட்டம் என்று ஒவ்வொரு பந்தோபஸ்தும் அதைத் தின்றுவிடுகிறது என்று எனக்கு வந்த கடிதங்கள் எல்லாமே சொல்கின்றன. உங்கள் கையில் இருக்கும் அளவுக்கு அந்த ஒரு நாளைக் காப்பாற்றிக் கொடுங்கள். தூக்கம் இல்லாத மனத்துக்கு எந்த ஆலோசனையும் ஏறாது.

துறைக்குள்ளும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய ‘காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி’ பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். சென்னையில் 2022இல் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் காவலருக்கான ஆலோசனைத் திட்டமும் தொடங்கியது. ஆனால் ஒரு காவலர் இவற்றை நாடுவாரா என்பது ரோல் காலில் நீங்கள் பேசும் விதத்தைப் பொறுத்தது. தூங்காமல் வந்தவரை எல்லோர் முன்பும் நிறுத்தி ஒருமையில் திட்டிவிட்டு, மாலையில் ஆலோசனைக்குப் போகச் சொன்னால் அவர் போக மாட்டார். முடிந்தால் உங்களுக்கே தூக்கம் கெட்ட ஒரு நாளைப் பற்றி அங்கே நான்கு வாக்கியம் சொல்லுங்கள். 2023 ஜூலையில் கோவைச் சரக டி.ஐ.ஜி. தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது, இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவருக்கு என்ன குறை என்று ஊரெல்லாம் கேட்டது. அந்தக் கேள்வியே நாம் எவ்வளவு குறைவாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதைக் காட்டியது.

யாரைப் பற்றியாவது உங்களுக்குக் கவலை வந்தால், தனியே அழைத்து, ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்வதற்கு ஒருவர் கிடைத்தார் என்ற நிம்மதிதான் பிறக்கும். ‘ஆம்’ என்றால் அன்றே ஆயுதப் பணியிலிருந்து மாற்றுங்கள். அந்த மாற்றத்தைத் தண்டனையாக யாரும் பார்க்காதபடி கணினி வேலையோ வரவேற்பு மேசையோ கொடுங்கள், தனியே விடாதீர்கள்.

கேள்வி: காவலர்களுக்கு யோகாவும் தியானமும் கற்றுக்கொடுத்தால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. நன்றாக இருப்பவர் நன்றாகவே இருக்க அவை உதவும். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் சிலருக்கு, கண்ணை மூடி அமைதியாக உட்காரும்போதுதான் காட்சிகள் பெருகும். மேலும், 14 மணி நேரம் நின்றவருக்குக் காலை ஐந்து மணிக்கு யோகா வகுப்பு என்பது இன்னொரு டூட்டிதான்.

கேள்வி: ஆயுதப்படையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவு பாராவில் (துப்பாக்கியோடு காவல் நிற்கும் பணியில்) தனியாக நிற்கும்போது வேண்டாத எண்ணம் வருகிறது. 14416 எண்ணுக்கு ஒருமுறை அழைத்தேன். மணி அடித்ததும் பயந்து வைத்துவிட்டேன். வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.
– (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: தம்பி, அழைத்தீர்களே, அது பெரிய காரியம். மணி அடித்த பிறகு என்ன நடக்கும் என்று தெரியாததால் வைத்துவிட்டீர்கள். அதைச் சொல்கிறேன்.

14416 என்பது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். முதலில் பதிவு செய்த குரல் வரும், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஓர் ஆலோசகர் பேசுவார். பெயரையும் வேலையையும் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையே சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், எனக்கு எழுதிய இந்த நான்கு வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. எண்ணம் வந்ததற்காக உங்கள்மீது எந்த வழக்கும் வராது.

இன்றிரவு உங்களுக்குப் பாரா இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாவிட்டால் காய்ச்சல் என்று சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு என்று சொல்லுங்கள். இந்த ஓர் இரவுக்கு அந்தப் பொய்யை ஒரு மருத்துவராகவே நான் அனுமதிக்கிறேன். துப்பாக்கியிலிருந்து தள்ளி, ஆள்கள் படுத்திருக்கும் பாரக்கிலேயே படுங்கள். ஒரே ஒரு நண்பனிடம், ‘எனக்குச் சரியில்லை, இன்று என் பக்கத்தில் படு’ என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் மருத்துவமனைக்கு அவனையே கூட்டிப் போங்கள். இந்த எண்ணம் அலைபோல ஏறி இறங்கக்கூடியது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கையெட்டும் தூரத்தில் ஆயுதம் இல்லாமலும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தும் பிழைத்து, பிறகு நன்றாக வாழ்பவர்களை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

பதில் எழுத உங்கள் கடிதத்தில் முகவரி இல்லை. இந்த இதழ் கைக்குக் கிடைத்ததும் அலுவலக முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஒன்றும் எழுத வேண்டாம். வெற்று அட்டையாக வந்தாலும் நீங்கள் என்று தெரிந்துகொள்வேன்.